கத்தரித் தோட்டத்து வாக்குமூலம்

மகாராஜா சாரின் கத்தரித் தோட்டம் செத்துக்கொண்டிருந்தது. கொன்றது யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வழக்கில் ஒரு தாள் குறைகிறது என்பதற்காகத்தான், தென்காசியில் நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்.

சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஆயிரப்பேரியில், பழைய குற்றாலத்துக்குப் போகும் சாலையோரமாகப் போன வருடம் ஓர் ஏக்கர் வாங்கி, சொட்டுநீர் போட்டுக் கத்தரி வைத்திருந்தார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் நிறையப் பேர் இப்படி விவசாயத்துக்கு வருகிறார்கள். செடி எதிர்த்துப் பேசாது என்ற நம்பிக்கையில் வருகிறார்கள்.

ஒரு பையில் மண், இன்னொரு பையில் வேரோடு பிடுங்கிய இரண்டு செடிகள். மேசைமேல் வைத்தார்.

"இதுல விஷம் இருக்கான்னு பாரு."

"யாரு சார் விஷம் வச்சா?"

"வைக்கல. பாத்தா. சங்கரேஸ்வரின்னு ஒருத்தி. என் வரப்பு வழியாத்தான் அவ தோட்டத்துக்குப் போவா. 'செடி நல்லா வந்திருக்கே அண்ணாச்சி'ன்னு ஒருநாள் சொன்னா. மறுநாள்லருந்து வாடுது."

"கண்ணு பட்டத மெஷின்ல பாக்க முடியாது சார்."

"அது தெரியும்லே, நான் என்ன கிறுக்கனா? அவ பாத்த பிறகு மண்ணுல ஏதாவது மாறியிருக்கும்லா. அத மட்டும் எழுதிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

வரப்பில் கம்பிவேலி போட்டு வழியை அடைத்துவிட்டதாகவும் சொன்னார். சாலையில் போகிற சுற்றுலா வேன்கள் அந்தத் தோட்டத்தின் முன் நின்று படம் எடுத்துவிட்டுத்தான் அருவிக்குப் போகும். சீசனில் அப்படி ஆயிரக்கணக்கான கண்கள். அவர்களை எல்லாம் விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டார் போலிருக்கிறது.

நான் வேரைப் பார்த்தேன். வெள்ளை நூல் மாதிரி ஓடியிருக்க வேண்டிய வேர்கள் அரை அங்குலத்தில் நின்றுபோய், நுனி தடித்து, பழுப்பேறி, இஞ்சித் துண்டுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தன. மண் ஈரமாக இருந்தது. செடியோ தாகத்தில் வாடியிருந்தது.

நம் மலையடிவாரச் செம்மண்ணில் அலுமினியம் எப்போதும் உண்டு. களிமண்ணின் உடம்பிலேயே இருக்கிறது. சும்மா கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. மண் புளித்து அமிலமானால் கரைந்து தண்ணீரோடு சேரும். வேர் குடிக்கும். குடித்ததில் பெரும்பகுதி இலைக்கு ஏறாது, வேர் நுனியிலேயே தங்கி நுனியை நீளவிடாமல் செய்யும். நுனி நின்றால் வேர் நின்றது. பக்கத்தில் இருக்கிற தண்ணீரைக்கூடத் தேடிப் போக முடியாது. விவசாயக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிப்பை விடுவதற்குமுன் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்.

பரிசோதனையும் அதையே சொன்னது. மண்ணில் கடும் புளிப்பு, கரைந்த அலுமினியம் மிக அதிகம். மழையும் உரமும் ஒரு மண்ணைப் புளிக்கவைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே வருடத்தில் இவ்வளவு புளிக்கவைக்காது. அதனால் தோட்டத்துக்குப் போனேன்.

விடை வாசலிலேயே தொங்கியது. கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரம். தோட்டத்தின் நான்கு மூலையிலும் படிகாரம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூடை படிகாரத் தூள்.

"தொட்டியில கரைச்சு விடுதீங்களா?"

"ஒவ்வொரு தண்ணிக்கும் அஞ்சு கிலோ. நட்ட நாள்லருந்தே கண்ணு படாம இருக்க ஒரு கிலோ போட்டேன். அவ பாத்த பிறகு வாட்டம் நிக்கல. அதான் கூட்டுனேன். அவ கண்ணு லேசுப்பட்டதா?"

"சார், படிகாரத்துலயே அலுமினியம் இருக்கு. மண்ணையும் புளிக்க வைக்கும். உங்க செடியக் கொன்னது இதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறவனைப் பார்த்துப் பழகிய பார்வை.

"படிகாரம் கல்லுலே. அலுமினியம் பாத்திரம்."

"ரெண்டும்..."

"முப்பது வருஷமா சேவ் பண்ணிட்டு மூஞ்சியில படிகாரந்தான் தேய்க்கேன். என் மூஞ்சி வாடியா போச்சு?"

பரிசோதனை அறிக்கையை நீட்டினேன். அவர் வாங்கி, 'அலுமினியம்' என்ற சொல்லின் கீழ் விரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அவ மாட்டுக்குத் தண்ணி காட்டுதது அலுமினிய அண்டாவுலதாம்ல. வாய்க்கால்ல போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுதா. அந்தத் தண்ணிதான் என் தொட்டிக்கு வருது."

அறிக்கையை ஐந்து பிரதி எடுத்து ஊரில் காட்டினார். இப்போது அவளுக்கு எதிராக அறிவியலும் இருந்தது. கொடுத்தது நான்.

மூன்றாம் நாள் சங்கரேஸ்வரி அக்கா பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கணவர் கேரளத்தில் கொட்டாரக்கரையில் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறார். இங்கே நாற்பது சென்ட் வெண்டையையும் இரண்டு மாடுகளையும் இவள் ஒருத்தியே பார்க்கிறாள்.

"என் அண்டா கேஸுல நீதான் சாட்சியா தம்பி?"

நான் படிகாரக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"அவரு தோட்டம் எப்பிடியும் போவட்டும். எனக்கு வழி வேணும். ஓடையச் சுத்திப் போனா ஒன்றரை மணி நேரம் ஆவுது. பாவூர்சத்திரம் ஏலத்துக்குப் போய்ச் சேரதுக்குள்ள யாவாரி எல்லாம் போயிடுதான். வெண்டைய மறுநாள் வச்சிருக்க முடியுமா? முத்திப்போயி மாட்டுக்குத்தான் போடுதேன். இன்னும் ரெண்டு வாரம் இப்பிடிப் போனா நானும் கொட்டாரக்கரையில போயி எச்சி எலை எடுக்க வேண்டியதுதான்."

"நான் வேணா இன்னொரு தடவ அவர்ட்ட பேசுதேன்."

"நீ பேசி எனக்கு அண்டா கேஸு வாங்கிக் குடுத்தது போதும். செடி பிழைக்க என்ன செய்யணும், அதச் சொல்லு."

"படிகாரத்த நிறுத்தணும். இருக்குத செடியப் பிடுங்கிட்டு மண்ணுல சுண்ணாம்புத் தூள் போடணும். இருபது மூடை. கொஞ்ச நாள் விட்டுப் புது நாத்து நடணும்."

"அவரு போலீசு. ரிப்போர்ட்ட எங்க நம்புவாரு. அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு நீயும் வா."

மறுநாள் காலை வேலிக்கு முன்னால் நின்று கூப்பிட்டாள். அவர் வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, என் கண்ணுதான். ஒத்துக்கிடுதேன்."

மகாராஜா சார் தோட்டத்து வீட்டுக்குள் போய் நாற்காலியும் நோட்டும் எடுத்து வந்தார். உட்கார்ந்து தேதி, கிழமை, நேரம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதினார். அடிக்காமல் அவருக்குக் கிடைத்த முதல் வாக்குமூலம் அதுவாகத்தான் இருக்கும். குரல்கூடக் கனிந்துபோயிருந்தது.

"அப்போ அண்டா?"

"அண்டா மேல பழி போடாதீங்க. இது எங்க அம்மை வழிக் கண்ணு. படிகாரத்துக்கு அடங்காது. படிகாரம் போடப் போட ஏறும். நீங்களே பாத்தீங்கள்லா?"

"பாத்தேன். அப்ப எதுக்கு அடங்கும்?"

"சுண்ணாம்புக்கு. பழைய செடியப் பிடுங்கிட்டு மண்ணெல்லாம் போடணும்."

"எவ்வளவு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இருபது மூடை" என்றேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"படிச்சிருக்கேன் சார்."

"அப்ப எங்கிட்ட ஏன் பாத்திரம் அது இதுன்னு கத விட்ட?"

அவள் குறுக்கே புகுந்தாள். "இன்னொண்ணு அண்ணாச்சி. வழிய அடைச்சதுல கண்ணு கூடிப்போச்சு. ஓடையச் சுத்திப் போகையில மேட்டுல ஏறணும். அங்கன நின்னா உங்க தோட்டம் முழுசும் தெரியுது. நான் பாக்கக்கூடாதுன்னுதான் நினைக்கேன், கண்ணு கேக்கமாட்டேங்கு. வரப்புல போனா தரையப் பாத்துத்தான் நடந்தாவணும்."

அவர் திரும்பி மேட்டைப் பார்த்தார். தூரத்தைக் கணக்கிட்டார். அன்று மத்தியானமே வேலி அவிழ்ந்தது.

சுண்ணாம்பு போட்டார். பழைய செடிகளைப் பிடுங்கிக் கொளுத்தினார். புரட்டாசியில் நட்ட நாற்று பிடித்துக்கொண்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, சாணுக்குமேல் ஓடியிருந்தது.

"பாத்தியால" என்றார் மகாராஜா சார். "அவ கண்ண எடுத்தா. செடி வந்துட்டு."

ஊரும் பார்த்தது. சந்தேகத்துக்கு இப்போது இடமே இல்லை. அவளே ஒத்துக்கொண்டாள், அவளே மாற்றுச் சொன்னாள், அதன்படி செடியும் பிழைத்தது. அவள் எதிரே வந்தால் பெண்கள் கைப்பிள்ளையை முந்தானையால் மூடினார்கள். ரேஷன் கடையில் வரிசை விலகி வழிவிட்டது. என்னால்தானே என்று அவளிடம் ஒருநாள் இழுத்தேன்.

"வரிசையில நிக்காம சீனி வாங்குதேன். நீ ஒன் சோலியப் பாரு" என்றாள்.

போன வாரம் மறுபடி மண் எடுக்க ஆயிரப்பேரிக்குப் போயிருந்தேன். வரப்பின் இருபுறமும் மகாராஜா சார் ஆள் உயரத்துக்குமேல் பச்சை நிழல்வலை கட்டியிருந்தார், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. இருபது மூடைச் சுண்ணாம்பைவிட அதற்குத்தான் செலவு அதிகம்.

அக்கா வெண்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதற்குள் நடந்து வந்தாள். அவசரமில்லாத நடை. ஏலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"எப்பிடிக்கா இருக்கு?"

"முன்னால வெயிலு மண்டையப் பொளக்கும். இப்ப நல்ல நெழலு."

வலையின் கண்கள் வழியே எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் செடிகளுக்கு நடுவில் மகாராஜா சார் எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, அவள் கடந்து போகும்வரை அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.