வந்தபோது பதினொன்று

1.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும். கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மாடிக் கடையில் பிறந்தது. கடை யசோதினியுடையது. வாடகைக் கார்களிலும் தோட்டங்களிலும் இன்னும் உயிரோடிருக்கிற பழைய இருவழி ரேடியோக்களை, அதாவது பொத்தானை அழுத்திப் பேசி, விட்டுவிட்டுக் கேட்கிற பெட்டிகளை, அவள் திருத்துகிறாள். நான் பக்கத்து அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்று ஒருநாள் பெருமையடித்தேன். "நீங்க திருத்தினா யாருக்கும் ஷொக் அடிக்காது, அங்கிள்" என்றாள்.

அச்சகத்தில் மின்விசிறி இல்லை. அவள் கடையில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன். இலக்கியத் தேடல் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "மலைமுகட்டில் மழை கறுத்துக்கொண்டு—"

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதையென்றாலே மழையில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? மழை வரும். அதற்குரிய இடத்தில் வரும்.

இரண்டாம் முயற்சி: "பேருந்தில் ஜெயராணி அந்தப் பெட்டியை ஒரு கைக்குழந்தையைப் போல மடியில்—"

இதுவும் வேண்டாம். மடியில் எதை வைத்தாலும் குழந்தை என்று எழுதிவிடுகிறோம். அது ரேடியோ. மூன்று கிலோ இருக்கும். தொடை மரத்துப்போயிருக்கும்.

மூன்றாம் முயற்சி: ஜெயராணியின் ரேடியோவில் எண் தெரியவில்லை.

இது இருக்கட்டும்.

3.

ஜெயராணிக்கு நாற்பது வயதிருக்கும். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருக்கிறாள். (தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது அச்சகத்துக்கு வந்து நிற்பார்கள்.) அவளுடைய லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மழைமானி நட்டிருக்கிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணிக்கு, எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து ரேடியோவில் கீழ்ப்பிரிவுக்குச் சொல்வாள். மழை பிடித்துவிட்டால் மணிக்கொரு தடவை சொல்வாள். கீழே கேட்பவர் அழகையா, கோயில் சாவி வைத்திருப்பவர். எண் நூறைத் தாண்டினால் அவர் கோயில் மணியை விடாமல் அடிப்பார். ஓடைக்கரையிலுள்ள பதினாலு வீட்டுக்காரர்களும் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

மேலே கொட்டுகிற மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே சில நேரம் வெயில்கூட அடிக்கும். ஆனால் மேலே கொட்டியது ஓடை வழியாக அரை மணி நேரத்தில் கீழே வந்துவிடும். ஆள் நடந்து இறங்க முக்கால் மணி நேரமாகும். வித்தியாசம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் இந்த ரேடியோ. போன வைகாசியில் மூன்று வீட்டை ஓடை கொண்டுபோனது. ஆள் ஒருவரைக்கூடக் கொண்டுபோகவில்லை.

ரேடியோவின் திரை ஏழு வருடங்களுக்கு முன் மங்கத் தொடங்கி, பிறகு முழுதாக இருண்டுவிட்டது. யாரும் கவலைப்படவில்லை. பெட்டியின் தலையில், அலைவரிசையைச் சொல்லும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "8ஆம் சனல். திருகாதே." திருகின்மேல் ஒரு மஞ்சள் துணியும் கட்டியிருந்தார்கள். தொடாத திருகுக்கு எண் எதற்கு? ஆனால் பற்றரி இறங்கினால் திரையில் ஒரு குறி வரும். அது தெரியாமல், போன புரட்டாதியில் ஒரு மாலை முழுக்கச் செத்த பெட்டியோடு பேசியிருக்கிறாள் ஜெயராணி. அதனால்தான் ஐப்பசி மழைக்கு முன் கண்டிக்குக் கொண்டுவந்தாள்.

4.

யசோதினி முகப்பைக் கழற்றினாள். திரைக்குப் பின்னால் அரிசி மணி அளவில் இரண்டு பல்புகள், இரண்டும் கருகியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு இரண்டு வெள்ளை எல்ஈடி வைத்துப் பற்றவைத்தாள். வெளிச்சம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவ வேண்டும் என்பதற்காக இடையில் ஒரு துண்டு எண்ணெய்த்தாள் வைத்தாள். (அந்தத் தாள் எங்கள் அச்சகத்தில் இருந்து வந்தது. இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.) கண்ணாடியின்மேல் பழுத்துப் பழுப்பாகிப்போன படலத்தைச் சவர அலகால் உரித்து, புதுப் படலத்தை வைத்தாள். திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

"போச்சு" என்றேன்.

"அவசரப்படாதீங்க அங்கிள்." படலத்தை ஒரு கால் சுற்றுத் திருப்பினாள். கறுப்பு விலகி, எண் பளிச்சென்று நின்றது. 11.

அவள் ஒட்டுநாடாவில் ஒரு துண்டைக் கிழித்து, "வந்தபோது 11" என்று எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டினாள். அவளுடைய வேலை ஒழுங்கு அப்படி. பெட்டி எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையில்தான் திரும்பிப் போக வேண்டும். சொன்ன குறையை மட்டும்தான் தொடுவாள்.

"தலையில எட்டுன்னு ஒட்டியிருக்கே" என்றேன்.

"வரட்டும், கேப்போம். நமக்குப் பிழையாத் தெரியுறது அவங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

5.

அடுத்த வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது.

"ஜெயராணி வந்தபோது, யசோதினி திருகை எட்டுக்குத் திருப்பி—"

"வேலை மும்முரத்தில் யசோதினி மறந்துபோய்—"

"யசோதினிக்கு அன்று தலைவலி என்பதால்—"

எழுத எழுத அவள் மறுக்கிறாள். தலைவலி வந்தாலும் அவள் அப்படிச் செய்கிற ஆளில்லை. பாத்திரம் ஒத்துழைக்கவில்லை என்று எழுத்தாளர்கள் பெரிதாகச் சொல்வார்களே, அது பெரும்பாலும் எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பதுதான்.

சரி, சொல்லிவிடுகிறேன். அன்று யசோதினி தன் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கடையில் நான்தான் இருந்தேன்.

ஜெயராணி திரையைப் பார்த்துச் சிரித்தாள். "ஆத்தாடி, எம்புட்டு வெளிச்சம்!" பிறகு முகம் சுருங்கியது. "ஏங்கய்யா, எட்டுன்னுதானே ஒட்டியிருக்கு. இதுல பதினொண்ணு காட்டுதே?"

"பிழை" என்றேன். முப்பது வருடமாகப் பழகிய வாய். "திருத்திடலாம்."

மஞ்சள் துணியை அவிழ்த்து, மூன்று தடவை திருகினேன். டிக், டிக், டிக். எட்டு. ஒட்டியிருந்ததும் எரிந்ததும் இப்போது ஒன்றாயின. அழகாகத் துணியையும் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். ஒரு பக்கத்தை முடித்த திருப்தி எனக்கு.

6.

இதுதான் மழைக்குரிய இடம்.

மறுநாள் மத்தியானம் கடைப் போன் அடித்தது. ஜெயராணி. அவர்கள் பக்கத்தில் போனுக்கு ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். மழை இரைச்சலுக்கு மேலால் கத்தினாள். யசோதினி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"தங்கச்சி, பெட்டி நல்லா எரியுது. ஆனா அழகையாண்ணே பதில் பேச மாட்டேங்குறாரு. காலையில இருந்து கூப்புடுறேன். அவரு போனும் போகல."

"திரையில என்ன நம்பர் அக்கா?"

"எட்டு. கடையில இருந்த ஐயாதான் திருத்திக் குடுத்தாரு."

யசோதினி என்னைப் பார்த்தாள். ஷொக் அடித்தது.

"மழை எவ்வளவு?"

"அறுபத்தி ரெண்டு. இன்னும் விடல."

"ஓடிப்போய்ப் பதினொண்ணுக்குத் திருப்புங்க. அதுதான் உங்க பழைய எடம்."

"திருப்புறேன். ஆனா அண்ணே சும்மா இருந்திருக்க மாட்டாரு தங்கச்சி. முன்ன ஒரு தீபாவளிக்குத் தூசி தட்டுறப்ப எங்க திருகு சுத்திருச்சு. அவரு பெட்டியும் இருட்டுதான். நான் பேசப் பேச அவரு ஒவ்வொண்ணாத் திருகிப் பாத்து, என் சத்தம் கேட்ட எடத்துல நிறுத்துனாரு. இப்பவும் திருகிக்கிட்டுத்தான் இருப்பாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினொன்று என்ற எண் அந்த மலையில் யாருக்குமே தெரியாது. இரண்டு குருட்டுப் பெட்டிகள் குரலால் ஒன்றையொன்று கண்டுபிடித்து நின்ற இடம் அது. காகிதத்தில் இருந்த எட்டு பழங்கதை. நான் அதை நம்பி, இருந்த ஒரே சரியான எண்ணை அடித்துவிட்டேன். இப்போது இரண்டு பேரும் திருகினால், இவர் வரும்போது அவள் போயிருப்பாள். அவள் வரும்போது இவர் போயிருப்பார்.

யசோதினி போனை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "அக்கா, நீங்க அசையக் கூடாது. பதினொண்ணுல வச்சுப் பேசிக்கிட்டே இருங்க. நடுவுல கொஞ்சம் விட்டுக் கேளுங்க. திரும்பப் பேசுங்க. அவரு தேடி வரட்டும்."

"என்னத்தப் பேசுறது?"

"எதையாவது. நிறுத்தாதீங்க."

போன் அறுந்தது.

7.

ஒரு கதாசிரியனுக்கு இங்கே வசதிகள் அதிகம்.

முடிவு ஒன்று: ஓடை வருகிறது, மணி அடிக்கவில்லை. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. என் குற்றவுணர்ச்சிக்கு ஒரு கனம் சேர்ப்பதற்காகப் பதினாலு வீட்டுச் சனத்தைத் தண்ணீரில் விட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

முடிவு இரண்டு: கதாசிரியன் குடையை எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்கு ஓடுகிறான். இதை நான் உண்மையிலேயே முயன்றேன். படிவரை போய்விட்டேன். "எங்க போறீங்க அங்கிள்? இருக்கிறதையும் திருத்தவா?" என்றாள் யசோதினி. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

அதனால் ஜெயராணி பேசிய பேச்சை மட்டும் எழுதுகிறேன். நான் கேட்கவில்லை, ஆனால் இப்படித்தான் பேசியிருப்பாள்:

"மேப்பிரிவு பேசுது. அறுவத்தெட்டு. அண்ணே, கேக்குதா? … எழுவத்தி ஒண்ணு. புஷ்பம் வீட்டுல சின்னப்புள்ள இருக்கு, மொதல்ல அதத் தூக்கச் சொல்லுங்க. பெரியதம்பி எந்திரிக்க மாட்டான், தண்ணிய ஊத்துங்க. கேக்குதா? … நான் இங்கேயேதான் இருக்கேன். எங்கேயும் போகல. எண்பத்தி நாலு. வாங்கண்ணே, வாங்க, திருகுங்க—"

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

8.

ஒன்பது நாள் கழித்து, உரப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். பையிலிருந்து ரேடியோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். திரை இருட்டு. தலையில் இதற்கும் எட்டு என்றொரு காகிதம். திருகின்மேல் துணி, துணியின்மேல் கயிறு, கயிற்றில் மூன்று முடிச்சு.

"நான் அழகையா. இதுக்கும் வெளிச்சம் போடணும் தங்கச்சி." மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வீட்டுச் சனத்தோட பள்ளிக்கூட பெஞ்சில மூணு நாளு. முதுகு போச்சு. பெரியதம்பி வேற வந்ததிலயிருந்து கொறட்ட."

என் கண் நிறைந்துவிட்டது. எழுத்தாளன் அழக் கூடாது என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

"எந்த சனல்ல இருக்கு அண்ணே?" யசோதினி கேட்டாள்.

"அது யாருக்குத் தெரியும்? அந்தப் புள்ள பேசுற எடம்." பிறகு அவசரமாகச் சொன்னார்: "திருகுல மட்டும் கைய வச்சுறாதீங்க. யாரோ ஒரு ஐயா இங்க இருந்துக்கிட்டுத் திருத்திட்டாராம்ல?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல ஆளுய்யா நீங்க! ஒரு பிளேன்டீயாவது சொல்லுங்க."

சொன்னேன். வடையும் சேர்த்துச் சொன்னேன்.

யசோதினி முகப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். ஒட்டுநாடாவில் ஒரு துண்டைக் கிழித்து, "வந்தபோது" என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டு என் முன்னால் ஒட்டியிருக்கிறாள். நான் சொன்ன கதை சரியென்றால் அங்கே பதினொன்றுதான் வர வேண்டும். எழுதக் கை துடிக்கிறது. ஆனால் பல்பு இன்னும் மாற்றவில்லை. மழையில் அவசரத்தில் ஜெயராணி ஒரு டிக் கூடவோ குறையவோ திருகியிருக்கலாம்; அங்கேயே அவர் அவளைக் கண்டுபிடித்திருக்கலாம். அப்படியென்றால் அதுதான் சரியான எண்.

என் இரண்டு கையையும் காற்சட்டைப் பைகளுக்குள் போட்டுக்கொண்டேன். பேனா மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் தலையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுதாதீர்கள். நான் சொன்னதை வைத்தும் எழுதாதீர்கள். திரை எரியும்வரை பொறுத்து, எரிகிறதைப் பார்த்து எழுதுங்கள்.

வந்தபோது ____