அக்காவுக்கு ஒரு நாள் பாஸ்

சுற்றுலா பஸ் கவுன்டர் கண்ணாடியில் இரண்டு பட்டியல்கள் ஒட்டியிருந்தன. பச்சை பாஸ் உள்ளூர்க்காரர்களுக்கு, நீல பாஸ் வெளிநாட்டவர்களுக்கு. பார்க்கும் இடங்கள் இரண்டிலும் ஒன்றுதான்: பேராதனைப் பூந்தோட்டம், அரும்பொருட்காட்சிச்சாலை, வாவியில் படகு. பச்சைக்கு ஜன்னல் திறந்த சாதாரண பஸ். நீலத்துக்கு ஏ.சி. பஸ், வழிகாட்டி, தண்ணீர்ப் போத்தல், கூடவே தலைசுற்ற வைக்கும் விலை. மத்தியாஸ் நேற்றே வந்து இதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தார். முப்பது வருடமாகக் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடைக் கிளார்க். எதையும் முன்கூட்டியே பார்த்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"நான் பேசிக்கிறேன். நீ சும்மா பக்கத்துல நில்லுக்கா. யாராச்சும் எந்த எடம்னு கேட்டா மஹய்யாவன்னு மட்டும் சொல்லு."

கண்டிக்குள்ளேயே இருக்கும் அந்த இடத்தின் பெயரை மத்தியாஸ் அக்காவுக்குச் சொல்லிக் கொடுப்பது இது நாலாவது தடவை. அந்தோனியம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பைக்குள்தான் அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது.

இருவரும் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்பா இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தார். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசித் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட காலம் அது. எண்பத்திரண்டில், பத்தொன்பது வயதில், கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறியவள்தான். கோத்தகிரியில் தேயிலை பறித்து, பிள்ளைகளைக் கரையேற்றி, புருசனை அடக்கம் செய்து, இப்போது நாற்பத்திரண்டு வருடம் கழித்து, சுற்றுலா வீசாவில் ஐந்து நாளைக்கு வந்திருக்கிறாள். மத்தியாஸுக்குக் கிடைத்த லீவோ ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை அக்காவோடு முழுசாகக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. நீல பாஸ் என்றால் பஸ்ஸும் வேறு, புறப்படும் நேரமும் வேறு. அதனால்தான் பச்சை.

கவுன்டரில் முக்காடு போட்ட சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். இன்ஷிரா என்று பெயர்ப்பட்டி சொன்னது.

"ரெண்டு பச்சை, மகள்," என்று மத்தியாஸ் தன் அடையாள அட்டையை நீட்டினார். "அக்காட ஐடி வீட்டுல விடுபட்டுப் போச்சு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டன.

இன்ஷிரா துருவவில்லை. "பரவாயில்ல அங்கிள். ஆன்டிட பேரச் சொல்லுங்க, எழுதிக்கொள்றேன்," என்றாள்.

அந்தோனியம்மா பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள்.

"இதப் பாத்து எழுதும்மா."

இன்ஷிரா பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். அவரையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். நல்ல மனசுக்காரி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆன்டி, நீங்க புசல்லாவையில பொறந்தீக்கிறீங்களே. நான் பச்சையே போட்டுத் தாறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"ஒன் மனசுக்குப் புண்ணியம், தாயி. ஆனா வேணாம். என்னைய இந்தியாக்காரின்னு எழுதித்தான் அனுப்புனாங்க. அங்க போனா சிலோன்காரின்னு கூப்புட்டாங்க. ரெண்டையும் கேட்டுக் கேட்டுப் பழகிப் போச்சு. இந்த வயசுல பொறந்த ஊர ஒளிஞ்சி பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? வெலையக் குடுத்து, நேர் வழியா பாத்துட்டுப் போறேன்."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

"வந்த நாள்லேருந்து என்னைய வாயத் தொறக்க விடல நீ. பஸ்ல மெதுவா பேசுங்கிற. கடையில பேசாதங்கிற. நான் ஒனக்கு அவ்வளவு வெக்கமாடா?"

"ஐயோ, இல்லக்கா," என்றார்.

வெட்கம் இல்லைதான். ஆனால் வேறொன்று இருந்தது. அக்கா போன அடுத்த வருடமே, தமிழர்களை அடித்த எண்பத்து மூன்று கலவரத்தில், ஊர் எரிந்தது. அப்போது அவர் நாக்குக்குப் பூட்டுப் போட்டவர். பிறகு, அப்பா எழுதிக் கொடுத்திருந்தும், நாடற்றவன் என்ற பெயரோடு அரசாங்கக் கச்சேரி கச்சேரியாகப் படியேறி அலைந்து, சத்தியக் கடதாசி கொடுத்து, ஒரு வழியாகப் பிரஜையானார். இன்றைக்கும் யாராவது சிரித்துக்கொண்டே "நீங்க இந்தியாவா?" என்று கேட்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், அட்டை இருக்கிறதா என்று பார்க்க. இந்த நான்கு நாளும் அவர் மறைத்து வைத்தது அக்காவை அல்ல, தன்னைத்தான். இது அந்தக் கவுன்டர் முன்னால் நின்றபோதுதான் அவருக்கே விளங்கியது.

"அப்ப எனக்கும் நீலமே போடுங்க மகள். ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்."

இன்ஷிராவின் முகம் சுருங்கிப் போயிற்று. "அங்கிள், நீங்க ஸ்ரீலங்கன் தானே. ஒங்களுக்கு நீலம் தர ஏலாது. சிஸ்டம் எடுக்காது."

எத்தனை வருடம் தவம் கிடந்து வாங்கிய அட்டை! இன்றைக்கென்று அதுவே குறுக்கே படுத்துக்கொண்டது. அந்தோனியம்மா சிரித்துவிட்டாள். "போடா, பின்னாடி பஸ்ல வா," என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரர்களோடு ஏ.சி. பஸ்ஸில் ஏறினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் எந்த ஆசனத்தில் இருக்கிறாள் என்பதுகூடத் தெரியவில்லை.

பச்சை பஸ் புறப்பட இருபத்தைந்து நிமிடம் ஆனது. போதாக்குறைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக இன்னும் பத்து நிமிடம். மத்தியாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டார். கூடப் பிறந்தவளை அந்நிய ஆட்களோடு அனுப்பிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போகிறோமே என்று மனசு அரித்தது. அவள் இந்நேரம் பாதித் தோட்டத்தைப் பார்த்து முடித்திருப்பாள். வழிகாட்டி இங்கிலீஷில் விளக்க, அவளுக்கு அதில் பாதி விளங்காமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆயுளுக்குக் கிடைத்த ஒரு நாள் இப்படியா போக வேண்டும்? கண் கலங்கியது. பக்கத்திலிருந்த பிள்ளை பார்த்துவிடாமல் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

பேராதனையில் பஸ் நின்றதும் பிள்ளைகளுக்கு முன்னால் குதித்து இறங்கினார். பூந்தோட்டக் கேட்டுக்கு வெளியே, மரநிழலில், நீல அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் தொப்பியால் விசிறிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் அந்தோனியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

வழிகாட்டி ஓடி வந்தான். "நீங்கதானா அங்கிள் அந்தத் தம்பி? நான் பஹீம். அரை மணித்தியாலமா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க ஒங்கட தாத்தா, அதான் ஒங்கட அக்கா. அவங்க சொன்ன கதைய நான் பஸ்ஸுல இங்கிலீஷுல சொன்னேன். அதுக்குப் பொறகு ஒரு ஆளும் உள்ளுக்குப் போகமாட்டேங்கிறாங்க."

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மத்தியாஸைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மத்தியாஸ் அவரைத் தாண்டி அக்காவிடம் போனார்.

"ஏங்க்கா உள்ள போகாம நிக்கிற?"

"நாங்க எல்லாம் விருந்தாளிங்க," என்றாள் அந்தோனியம்மா, ரோடெல்லாம் கேட்கிற மாதிரி. "வீட்டுக்காரன் வந்து கூப்புடாம எப்பிடிடா உள்ள போறது?"

மத்தியாஸ் இருபது பேரையும் ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்க," என்றார், அவரும் சத்தமாக. "எல்லாரும் உள்ள வாங்க."