கரண்ட் முத்திரை

இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அலி அக்பர் பாய் கடைக்குள் போனேன். ஆற்றங்கரையில் ஜப்பான்காரனுக்கு மூட்டை தூக்கி, நிமிர முடியவில்லை. வயிற்றில் நேற்று அவித்த மரவள்ளிக்கிழங்கு மட்டும்.

என் சம்சாரம் மல்லிகா பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். கிழங்கைத் தின்றால் பால் எங்கே ஊறும்? பாய் சம்சாரம் ஹஸீனா பால் டின்னில் அளந்து கொடுத்த இரண்டு டின் அரிசியில்தான் கஞ்சி காய்ச்சினோம். அதுவும் தீர்ந்துவிட்டது.

மடியிலிருந்த அரிசிக் கார்டை நீட்டினேன்.

"இது உங்களுக்கு வரவேண்டியது பாய். தப்பி என் கைக்கு வந்திருச்சு. அந்த ரெண்டு டின்னுக்குப் பதிலா வச்சுக்குங்க."

"பொன்னுதுரைன்னு பேரு போட்ட கார்டு எனக்கு எதுக்குப்பா?"

"மேல இங்கிலீஷ்ல கரண்ட்னு குத்தியிருக்காம். என்கூட மூட்டை தூக்குற தம்பிராஜா படிச்சுச் சொன்னான். கரண்ட் இருக்கிற வீட்டுக்குத்தான் அரிசி போல. எங்க வீட்டுல தேங்காயெண்ணெய் விளக்கு. தெரியாம நீட்டினா அறைவானுங்க."

பாய் கார்டைப் பல்புக்கடியில் பிடித்துப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

"ஹஸீனா, இங்க வா! நம்ம பொன்னுதுரைக்குக் கார்டு ஷாக் அடிக்குதாம்!" என்றார். "ஏம்பா, கரண்ட்னா லைட்டு மட்டுமில்ல. இப்ப நடப்புல இருக்கிறதுன்னும் அர்த்தம். கரண்ட் மாசம்னா நடப்பு மாசம். பழைய கார்டு செத்துப்போச்சு, இதான் உயிரோட இருக்குன்னு குத்தியிருக்கான். வெள்ளைக்காரன் விட்டுட்டு ஓடின முத்திரை."

அந்நேரம் பார்த்துப் பல்பு அணைந்தது.

"பாத்தியா, என் கரண்ட் போச்சு. உன் கார்டு இன்னும் கரண்ட்டுதான். ஆனா இன்னிக்கு மாசக் கடைசி. பன்னண்டுக்கு அரிசிக் கடையை மூடிருவான். ஜப்பான் மணி!"

வெயிலுக்குப் பத்து மணி. ஒன்றரை மணி முந்தி ஓடும் ஜப்பான் மணிக்குப் பதினொன்றரை. கார்டை வாங்கிக்கொண்டு காஜா பெராங் ரோட்டில் ஓடினேன். இடுப்பு என்னவானதென்று தெரியவில்லை.

அரிசிக் கடை வரிசையில் கடைசி ஆள் நான்தான். கணக்கு எழுதும் கிராணி முத்திரையைப் பார்த்தார். நான்கு டின் அளந்து போட்டார். சுண்ணாம்பு நாற்றம் பிடித்த குருணை. இருந்தாலும் அரிசி.

சாயங்காலம் தம்பிராஜா வந்தான். திட்டினேன்.

"எழுத்தைப் படிக்கச் சொன்னே, படிச்சேன். அர்த்தம் சொல்லணும்னா தனிக் கூலி," என்றான்.

மல்லிகாவே சிரித்துவிட்டாள். இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்திருந்தாள். பிள்ளை பால் குடித்த வாயோடு அப்படியே தூங்கிப்போனது. நானும் சுவரில் இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

மிச்ச அரிசி மல்லிகாவுக்குத்தான். ஹஸீனாவுக்கு இரண்டு டின் அரிசி இன்னும் பாக்கி.