டிக்கியில் இருந்த பெயர்

செப்டம்பர் கடைசி வாரம் பிறந்ததும் ஷோரூம் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டிவிடுவது டைக்ஸ்ட்ரா குடும்பத்து வழக்கம். புது மாடல் லாரிமர் கார்கள் உள்ளே வந்து நிற்கும். திறப்பு நாள்வரை அவை ஊர்க் கண்ணில் படக்கூடாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாளைக் கிழிப்பார்கள். சுடச்சுட ஆப்பிள் சாறும் டோனட்டும் உண்டு. கார் வாங்குகிறவனும் வருவான், வாங்காதவனும் வருவான்.

இந்த வருஷமும் ரோலண்ட் டைக்ஸ்ட்ரா ஏணி போட்டு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தார். ஆனால் உள்ளே ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

அவருடைய மனைவி வெர்னா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில்தான் அவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் தனியாகச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"உள்ள என்ன இருக்குன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது, ரோலண்ட்?"

"ஒட்டாம விட்டா என்ன சொல்வே, அதை யோசி. அந்த டேப்பைக் கொடு."

மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வருஷத்தோடு லாரிமர் நிறுத்தப்படுகிறது. டீலர்ஷிப்பை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று இணைப்பில் உள்ள தாளில் கையெழுத்திட்டு அனுப்பவும், கடைசி நாள் செப்டம்பர் கடைசி வெள்ளி. அது இந்த வெள்ளிக்கிழமைதான். அந்தத் தாள் ரோலண்டின் மேஜை டிராயரில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதற்கு மேலே இன்னொரு தாள். கோர்ட்டுக்குப் போக முடிவெடுத்த டீலர்கள் சிலர் அனுப்பியது. இண்டியானாவிலிருந்து மெர்ல் ஸ்டோல்ட்ஸ் என்பவர் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்தார். இருக்கிறவர்களில் பழைய டீலர் ரோலண்ட்தான், வழக்கில் முதல் பெயராக அவர் பெயர்தான் இருக்கவேண்டும் என்றார். நான்கு வருஷம், ஐந்து வருஷம் ஆகும், ஆனால் ஒரு கை பார்த்துவிடலாம் என்றார்.

ஐந்து வருஷம் என்ற வார்த்தைதான் வெர்னாவின் காதில் தங்கிவிட்டது. டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: இந்த இதயம் நிம்மதியாக இருந்தால் நெடுநாள் ஓடும், சண்டைக்குப் போனால் எதுவும் சொல்வதற்கில்லை. அவள் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் காலை நாளிதழைப் புரட்டியபடி, "சண்டைக்கு அவங்கதானே வந்தாங்க" என்றார்.

இந்தக் கடை அவளுடைய அப்பா கெரிட் போஸ்மா தொடங்கியது. அந்தக் காலத்தில் கம்பெனி ஐந்து விதமான கார்கள் செய்தது, மாடிப்படி மாதிரி. வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் படியில் இருக்கும் டேலன் வாங்குவான். பேங்க் தலைவருக்கு உச்சிப் படி. நடுப்படியில் லாரிமர். ஃபோர்மேன் ஆனவன், பல் டாக்டர், ஹைஸ்கூல் பிரின்சிபால் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள். ஒரு வீட்டு வாசலில் டேலன் போய் லாரிமர் வந்து நின்றால், அந்த வீட்டுக்காரருக்குப் பதவி உயர்ந்த செய்தி சர்ச்சில் யாரும் சொல்லாமலே பரவிவிடும். பெண்ணை வெளியே அழைத்துப் போக வருகிற பையன் டேலனில் வந்தால் அவள் அம்மா காபி கொடுப்பாள், லாரிமரில் வந்தால் கேக் வெட்டுவாள் என்று கெரிட் சொல்லிச் சிரிப்பார்.

ரோலண்ட் நடந்து வந்தார். அறுபத்திரண்டாம் வருஷம், இதே போல ஒரு செப்டம்பரில். பத்தொன்பது வயது வெர்னா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழ் மூலையில் நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுப்போயிருந்தது. குனிந்து பார்த்தால், நடைபாதையில் யாரோ மண்டி போட்டிருந்தார்கள். இடைவெளியில் ஒரு கண். அவள் கண்ணாடியை ஓங்கித் தட்டினாள். கண் நகரவில்லை. வெளியே போய்த் திட்டியபோது, நான் காரைப் பார்க்கவில்லை, இவ்வளவு சுருதி தப்பிப் பாடுவது யார் என்றுதான் பார்த்தேன் என்றான் அந்தப் பையன். அடுத்த மாதம் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தான். அடுத்த வருஷம் கல்யாணம். புது மாடலை ஊருக்கு முன்னால் பார்த்துவிட்ட திருடன் என்றுதான் கெரிட் கடைசிவரை மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவார்.

அப்போது லாரிமருக்கென்று தனி என்ஜின் இருந்தது. பானட் முனையில் இறக்கை விரித்த வெள்ளிக் கொக்கு இருந்தது, கையளவு பெரிது, கனமானது. பிறகு பெட்ரோல் விலை ஏறியது. டேலனின் என்ஜினையே இதற்கும் போட்டால் என்ன என்று கம்பெனிக்குத் தோன்றியது. சில வருஷத்தில் உடம்பும் ஒன்றாயிற்று. அப்புறம் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக இரண்டும் வந்தன. முன்பக்கக் கிரில்லில் வித்தியாசம், டிக்கியில் பெயர் வித்தியாசம். கொக்கு பானட்டிலிருந்து இறங்கி, சுருங்கி, கோட்டுப் பொத்தான் அளவுக்குப் பிளாஸ்டிக்காகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ரோலண்ட், அடுத்த வருஷம் சரி செய்துவிடுவார்கள் என்றார். வாங்குகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. அவர்களுக்குப் பின்னால் புதிதாக யாரும் வந்து சேரவில்லை. சிகாகோவில் இருக்கும் மகள் கேரில்கூட ஜப்பான் கார் வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பனியில் நடந்து வருவாள்.

ஆனாலும் ரோலண்டுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. டேலனையும் லாரிமரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கண்ணைக் கட்டிவிட்டாலும், கதவு மூடும் சத்தத்திலேயே எது லாரிமர் என்று சொல்லிவிடுவாராம். வித்தியாசம் இருக்கிறது, கம்பெனிக்காரர்களுக்குத்தான் கண் இல்லை. இதைத்தான் கோர்ட்டில் சொல்லப்போகிறார்.

அவர் காரைக் கைமாற்றும் விதமும் அப்படி. சாவி கொடுப்பதற்கு முன்னால், வாங்குகிறவர் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைக் கைக்குட்டையோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு என்று துடைத்துக்கொண்டே வந்து, கடைசியாக டிக்கியில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகத் துடைப்பார். பிறகுதான் சாவி. நாற்பது வருஷத்தில் ஒரு காருக்கும் இது தவறியதில்லை.

புதன்கிழமை மதியம் ஹெஸ்டர் ப்ளம்லி ஆயில் மாற்ற வந்தாள். எழுபத்தொன்பது வயது, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள். கணவர் ஆர்வில் போன பிறகும் காரைத் தானே ஓட்டுகிறாள். இந்தக் கடையில் எட்டுக் கார் வாங்கியவள் ஊரில் அவள் ஒருத்திதான். மெக்கானிக் லைல் வேலையை முடித்துச் சாப்பிடப் போய்விட்டான். ஹெஸ்டர் முன்னறையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடுப்பதற்கு முன் பின்கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்று வெர்னா துணியோடு ஒர்க் ஷாப்புக்குப் போனாள்.

வேறு கார் எதுவும் இல்லாத ஒர்க் ஷாப். திறந்திருந்த கதவு வழியாக வெயில் நேராக டிக்கியில் விழுந்தது. அங்கே சாய்ந்த வெள்ளி எழுத்துகளில் டேலன் என்றிருந்தது.

அவள் முன்பக்கம் போய்ப் பார்த்தாள். கொக்கு இருந்தது. திரும்பப் பின்னால் வந்தாள். டேலன்.

ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக வந்த கார்களில் எவனோ கை மாறி ஒட்டிவிட்டான். ஹெஸ்டர் இதை வாங்கி மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் வாசலில் இந்தக் காருக்குப் பின்னால்தான் அவள் நிறுத்துகிறாள். லைல் ஏழெட்டு முறை ஆயில் மாற்றியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோலண்ட் இந்த எழுத்துகளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது சிரிப்பு. அடுத்து வந்த எண்ணத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவரைக் கூப்பிட்டு இதைக் காட்டினால் போதும். கோர்ட் முடிந்தது. மெர்ல் ஸ்டோல்ட்ஸ் முடிந்தார். தான் துடைத்த பெயரைத் தானே பார்க்காத மனிதர் எந்த நீதிபதி முன்னால் போய் நிற்பார்? ஆறு மாதமாக அவள் கெஞ்சியும் நடக்காதது ஒரு நிமிஷத்தில் நடந்துவிடும்.

ஷோரூமிலிருந்து டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. ரோலண்ட் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

முடியாது என்று தோன்றியது. அவரைத் தடுக்கவேண்டும், சரி. ஆனால் அவருடைய கைக்குட்டையை வைத்தா அவரை அடிப்பது?

உதிரிபாக அறையில், மூன்றாவது அலமாரியில், லாரிமர் எழுத்துகள் இன்னும் அரை டஜன் இருந்தன. லைலின் ஹேர் டிரையரையும் தூண்டில் நரம்பையும் எடுத்துக்கொண்டாள். சூடு காட்டினால் பசை இளகும், நரம்பைப் பின்னால் கொடுத்து அறுத்தால் எழுத்து பெயர்ந்து வரும். லைல் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். பாதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாரோ போடட்டும், இது அவர் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டே அவள் நரம்பை இழுத்தபோது, பின்னால் ரோலண்டின் குரல் கேட்டது.

"டேப் தீந்துடுச்சு. இங்க என்ன பண்ற?"

ஹேர் டிரையர் சத்தத்தில் அவர் வந்தது தெரியவில்லை. மறைக்க வழியில்லை. ஒரு கையில் லாரிமர், மறு கையில் பாதி பெயர்ந்த டேலன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவளைப் போலவே, முன்பக்கம் போய்க் கொக்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது ஹெஸ்டரோட கார்தானே?"

"ஆமா."

"நான்தானே துடைச்சேன்."

வெர்னா ஹேர் டிரையரை அணைத்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் கை தன்னையறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தது, நாடி பார்க்கிற மாதிரி.

கைத்தடி தட்டும் சத்தத்தோடு ஹெஸ்டர் உள்ளே வந்தாள். "ஆயில் மாத்தறீங்களா, ஆயில் கிணறு தோண்டறீங்களா?" என்றவள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். "அட, கடைசில கண்டுபிடிச்சுட்டீங்களா."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ரோலண்ட்.

"நான் பாதி சுரம் தப்பினாலே கண்டுபிடிக்கிறவ. நீ அதைத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போதே பார்த்துட்டேன். ரொம்ப அழகா துடைச்சே."

"ஏன் சொல்லல? அன்னைக்கே மாத்திக் கொடுத்திருப்பேனே, மிஸஸ் ப்ளம்லி."

"மாத்தியிருப்பே. அப்புறம் ஆறு மாசம் ராத்தூக்கம் இல்லாம கிடந்திருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?" ஹெஸ்டர் கைத்தடியைக் காரில் சாய்த்து வைத்தாள். "இங்க பாரு ரோலண்ட். நான் எட்டுக் கார் வாங்கினேன். முதல் மூணும் அந்தக் காருக்காக வாங்கினது. என்ன காரு அது! மீதி அஞ்சும் நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்களேன்னு வாங்கினது. பேரையெல்லாம் யாரு பாத்தா?"

மூன்றுக்குப் பிறகு ஐந்து. எந்த வருஷத்தில் அது மாறியது என்று ரோலண்ட் மனசுக்குள் கணக்குப் பார்ப்பது வெர்னாவுக்குத் தெரிந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தேழு. தனி என்ஜின் போன வருஷம். மற்றவர்களும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். பல் டாக்டர், பிரின்சிபால், எல்லாரும். காரை நம்பி வந்தவர்கள் என்று அவர் நினைத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக அவர்கள் அவருக்காக வந்துகொண்டிருந்தார்கள். கோர்ட்டில் போய் நின்று அவர் எதைத் திருப்பிக் கேட்பது?

"சரி, புதுசு ஒட்டிக் கொடுத்துடறேன்" என்று வெர்னா லாரிமர் எழுத்தை எடுத்தாள்.

"ஐயோ வேண்டாம்மா, இருக்கட்டும். மளிகைக் கடை வாசல்ல எல்லாக் காரும் ஒரே மாதிரி நிக்குது. முன்னாடி கொக்கு, பின்னாடி டேலன், இதை வச்சுத்தான் நான் என் காரைக் கண்டுபிடிக்கிறேன்."

ரோலண்டிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வெர்னா பயந்து திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. ஜனவரிக்குப் பிறகு முதல் முறை. சிரித்து முடித்துவிட்டுப் பெயர்ந்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மறுபடி ஒட்டினார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். டே-யில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, இந்த முறை படித்துக்கொண்டே துடைத்தார். பிறகு சாவியை ஹெஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் போன பிறகு மேஜைக்குப் போனார். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு உறையை வெர்னாவிடம் நீட்டினார். கம்பெனி முகவரி. அவள் உறையைத் திறந்து கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். பார்ப்பாள் என்று தெரிந்துதான் அவர் நாக்கால் நனைத்து ஒட்டாமல் கொடுத்திருந்தார்.

"மெர்லுக்கு நான் சாயங்காலம் பேசறேன். சனிக்கிழமைக்கு டோனட் சொல்லிட்டியா?"

"பதினஞ்சு டஜன். போன மாசமே சொல்லியாச்சு. ரத்து பண்ணட்டுமா?"

"எதுக்கு? வர்றவங்க வரட்டும். காலியா இருந்தா உக்கார நல்லா இடம் இருக்கும்."

அவள் உறையோடு தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போனாள். போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, ஷோரூம் கண்ணாடி முழுக்கத் தாள் ஒட்டி முடிந்திருந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் நாலு விரல் இடைவெளி. டேப் தீர்ந்துவிட்டதால் விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டதா என்று சொல்ல முடியவில்லை. அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஸ்கர்ட்டை ஒதுக்கிக்கொண்டு, அறுபது வயது முழங்கால் முனக முனக, நடைபாதையில் மண்டி போட்டாள். உள்ளே ஒரு கண்.

"புது மாடல் எதாவது இருக்கா?"

"பழசு ஒண்ணுதான் இருக்கு. ஜனவரில என்ஜின் வேலை பார்த்தது."

"நல்லா ஓடுமா?"

"வேகமா ஓட்டாம இருந்தா ஓடும்னு மெக்கானிக் சொல்லியிருக்காரு."

"கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வா ரோலண்ட்," என்றாள் வெர்னா. "என்னால தனியா எந்திரிக்க முடியல."