ஏழாம் நம்பர் வண்டியின் ஃபில்டர்

அரையடி காலை ஏழு மணிக்கே மண்ணெண்ணெய் வாளிக்குள் கையை விட்டுவிட்டான். ஆள் ஒன்றும் அவ்வளவு குட்டை இல்லை. இருபது வயதில் லாரி ஓட்டும் வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்தபோது, "உயரம் அரையடி குறையுதுன்னு அனுப்பிட்டானுங்க" என்று வீட்டில் சொன்னான். அன்றைக்கு ஒட்டிய பெயர் நாற்பது வயதாகியும் உரியவில்லை.

கல் வெட்டித் தீர்ந்த பள்ளத்தில் மேடும் குழியுமாகத் தடம் போட்டு, டர்ட் பைக்குகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் முதலாளி. எட்டு வண்டி. எட்டுக்கும் மெக்கானிக் அரையடிதான். நாலு மாதத்தில் இரண்டு எஞ்சின் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவர் முழுக்க அரம் போட்டு ராவின மாதிரி கீறல். காற்றோடு தூசி உள்ளே போயிருக்கிறது. தூசியை மறிப்பதற்குத்தான் ஃபில்டர். அதைக் கழுவி எண்ணெய் போட்டு மாட்டுவது அரையடியின் வேலை.

"இன்னொரு எஞ்சின்ல மண்ணு போச்சுன்னா உன் ஸ்பானர் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பு," என்று போன வாரம் முதலாளி சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இன்று மூன்று மணிக்கு வந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

அரையடி சோம்பேறி இல்லை. ஃபில்டர் என்பது ஒட்டுப் போட்ட ஒரு ஸ்பாஞ்சுதான். அதை மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கி எடுப்பான். முறுக்க மாட்டான், முறுக்கினால் ஒட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் நிழலில் காயப்போடுவது. காய்ந்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தூசி ஒட்டிக்கொள்வதற்காக மேலே எண்ணெயை ஊற்றி, மாவு பிசைகிற மாதிரி பிசைவான். இத்தனையும் செய்து தூசி எப்படிப் போகிறது என்று யோசித்து யோசித்து ஒரு வாரமாக அவனுக்குத் தூக்கம் சரியில்லை.

பத்து மணிக்கு மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவளுக்கு இன்று வார லீவு. துணி மில்லில் சாயம் போட்டு வரும் துணியை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒரே நிறம் என்று நாம் சொல்வதில் நாலு நிறம் காட்டுவாள்.

"காலையிலயும் சாப்பிடாம வந்துட்டீங்க. எஞ்சின் கெட்டா மாத்திக்கலாம், குடல் கெட்டா எங்க போய் வாங்குறது?"

"வை. இத முடிச்சிட்டு வரேன்."

அவள் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து பார்த்தாள். பச்சை ஸ்பாஞ்சு. சிவப்பு எண்ணெய், அஞ்சாறு மாதமாகத்தான் இதை வாங்குகிறார்கள். எண்ணெய் எங்கே ஊறியிருக்கிறது, எங்கே ஊறவில்லை என்று கண்ணுக்குத் தெரிவதற்காகவே கம்பெனிக்காரன் அதில் நிறம் கலந்து விற்கிறான். அரையடி பிசைந்து, பிழிந்து, ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான்.

"கீழ ஒரு பக்கம் விட்டுப்போச்சுங்க," என்றாள்.

"எங்க?"

"அதோ, மடிப்புகிட்ட. உள்ளங்கை அகலத்துக்கு."

அவன் எண்ணெய் டின்னை எடுத்து ஊற்றினான். ஏற்கெனவே சொட்டச் சொட்ட ஊறியிருந்த இடத்தில் ஊற்றினான். அவள் ஸ்பாஞ்சை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பழம் வாங்கப் போனால் இந்த மனிதன் பார்க்கவே மாட்டான், அமுக்கித்தான் வாங்குவான். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் கட்டியிருக்கும் புடவையைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அழுத்தக்காரன் என்று பதினொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். தடத்தில் வண்டி ஓட்டிக் காட்டுகிற வேலை அவனுக்கு. வாய் அதைவிட வேகமாக ஓடும்.

"மாமா, சிவப்பு ஆயில் கடையில தீந்துபோச்சு. நீலந்தான் இருக்குன்னான், வாங்கிட்டு வந்துட்டேன்."

"உன்னைப் போய் அனுப்பினேன் பாரு. இது தண்ணியா இருக்கும்டா. நம்ம புழுதிக்குப் பிசின் மாதிரி நிக்கணும்."

"தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல. விரல்ல தொட்டுப் பாருங்க, ஒட்டுனா பொண்டாட்டி மாதிரி விடாது."

"டேய்," என்றாள் அக்கா.

அரையடி கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஒரு சொட்டு வைத்துப் பிரித்துப் பார்த்தான். நூல் மாதிரி இழுத்தது. பரவாயில்லை. காய்ந்த ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து ஊற்றிப் பிசைந்தான். பையிலிருந்து வெளியே எடுத்தவன் அப்படியே நின்றான்.

ஸ்பாஞ்சு முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. இங்கே நீலம், அங்கே வெறும் ஸ்பாஞ்சு. மடிப்பு ஓரம் பூராவும் வறட்சி. அவன் எப்போதும் பிசைகிற அளவுதான் இன்றும் பிசைந்திருந்தான்.

"இப்பத் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டாள் மனைவி.

அவன் ஸ்பாஞ்சைப் பையின்மேல் வைத்தான். பிறகு சொன்னான். "லாரி வேலைக்குப் போனப்ப உயரமெல்லாம் அளக்கவே இல்ல. புள்ளி புள்ளியா ஒரு அட்டையக் காட்டி என்ன எழுதியிருக்குன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். அப்பாகிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மச்சினன் வாயைப் பிளந்தான். "அப்ப இத்தனை வருஷமா சும்மாவா உங்களை அரையடின்னு கூப்பிட்டோம்?"

"போடா."

"மாமா, பொண்ணு பாக்க வந்தப்ப அக்காவோட சிவப்புப் புடவை ரொம்பப் புடிச்சதுன்னு சொன்னீங்களே? அன்னிக்கு அவ கட்டியிருந்தது பச்சை. நீங்க ஏதோ கவிதையாப் பேசுறீங்கன்னு எங்கம்மா பூரிச்சுப்போச்சு."

மனைவி சிரித்தாள். அரையடிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஏழாம் நம்பர் மட்டும் ஒன்பது மணிக்கே வாடகைக்குத் தடத்துக்குப் போயிருந்தது. நேற்று சிவப்பு எண்ணெய் போட்டு அவனே மாட்டிய ஃபில்டர்.

"ஏழ உடனே நிறுத்தச் சொல்லு. ஓடு!"

வண்டி வந்தது. சீட்டைக் கழற்றி ஃபில்டரை எடுத்தான். எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர்க் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்தான். துணியில் மாவு மாதிரி புழுதி.

"துடைச்சு, புதுசு மாட்டிடலாம் மாமா," என்றான் மச்சினன் தணிந்த குரலில். "ஒரு மணி நேரந்தான் ஓடியிருக்கு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. யாருக்குத் தெரியப்போவுது?"

மனைவி தூக்கைத் திறந்து தட்டில் சோறு போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கை கழுவிக்கொண்டு சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, அந்தத் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு முதலாளி வந்ததும் துணியை அவர் கையில் கொடுத்தான். அட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஆறு வருஷமா என் வண்டிக்கு வயரும் நீதான்யா மாட்டுற. அதுல எத்தனை சிவப்பு, எத்தனை பச்சை!"

"வயர நிறம் பாத்து மாட்டுனதே இல்ல முதலாளி. லைட் வெச்சு டெஸ்ட் பண்ணித்தான் மாட்டுவேன். ஒரு வண்டி புகைஞ்சிருக்கா சொல்லுங்க."

முதலாளி யோசித்தார். புகைந்ததில்லை.

"இந்தத் துணியக் கொளுத்திட்டு கம்முனு இருந்திருக்கலாமே. நான் எங்க கண்டுபிடிக்கப்போறேன்?"

"இருந்திருக்கலாம். ஆனா அந்த ரெண்டு எஞ்சினும் எதனால போச்சுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம் உங்க முன்னாடி முழிச்சிட்டு நிக்க முடியல."

முதலாளி ஏழாம் நம்பரின் கிக்கரை உதைத்தார். எஞ்சின் பிடித்தது. குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அரையடியும் கேட்டான். சத்தத்தில் பிசிறு இல்லை. அணைத்தார்.

"இனிமே இங்க சிவப்பு ஆயில் வரக்கூடாது. எட்டு ஃபில்டரையும் இன்னிக்கே கழுவி நீலம் போடு. படுத்த ரெண்டு எஞ்சினையும் நீயேதான் கட்டித் தரணும், அதுக்கு வெளியாளு கிடையாது."

"கட்டித் தரேன்."

"அப்ப பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் அலுவலக அறைக்குப் போனார்.

அரையடி ஒன்றாம் நம்பரின் சீட்டைக் கழற்றினான். மச்சினன் வாளியில் மண்ணெண்ணெயை மாற்றி ஊற்றினான். மனைவி வீட்டுக்குப் போகலாமா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையுறை கேட்டாள். ஆறு மணிக்குள் முடித்துவிடலாம்போல இருந்தது.