எந்த டிஸ்க்?

புதன்கிழமை காலை எங்கள் சர்வர் கத்த ஆரம்பித்தது. பீப், பீப் என்று நிற்காமல்.

தாம்பரத்தில், மெஷின் பாகங்களுக்குக் கணினியில் வரைபடம் போட்டுத் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சர்வருக்கு விண்டோஸ் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸே போதும் என்று முதலாளி அப்துல் கஃபார் சாரிடம் சொன்னவள் நான். வேலையில் சேர்ந்தபின் நானாக வாய் திறந்து சொன்ன முதல் விஷயம் அது.

வரைபடங்கள் எல்லாம் இருப்பது சர்வரின் நான்கு டிஸ்க்குகளில். ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும். இப்போது ஒன்று கெட்டிருந்தது. எது என்றுதான் தெரியவில்லை. தவறி நல்லதை உருவிவிட்டால் வரைபடங்கள் மொத்தமும் போய்விடும்.

டிஸ்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் ரெய்டு கார்டை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"சாஃப்ட்வேர்ல பாருங்க மேடம், எந்த டிஸ்க்குன்னு படம் போட்டே காட்டும்."

"கார்டோட வந்த சிடியில விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கு. எங்களது லினக்ஸ்."

"லினக்ஸா? கார்டு ஓடும் மேடம். சாஃப்ட்வேர் கிடையாது."

சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கி, கார்டின் சொந்தத் திரைக்குப் போனேன். 'டிஸ்க் 2' என்றது. ஒன்றிலிருந்து எண்ணினால் இரண்டாவது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது.

கஃபார் சார் வந்து நின்றார். "சாயங்காலம் வரைக்கும் பாரும்மா. முடியலன்னா விண்டோஸே போட்டுடலாம்." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு வழி தோன்றியது. பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கச் சொன்னால், நல்ல டிஸ்க்குகளின் விளக்கு மினுக்கும், கெட்டது மினுக்காது. கட்டளை கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கிலும் வெளிச்சமே இல்லை.

குனிந்த பிறகுதான் புரிந்தது. போன வாரம் ஆயுத பூஜை. வரைபடப் பிரிவு பக்தவச்சலம் அண்ணா நான்கு விளக்குகளின் மேலேயே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்.

துடைக்கக் கை வரவில்லை. சர்ச்சுக்குப் போகிறவள் நான். அவரையே கூப்பிட்டேன்.

"அண்ணா, இதைத் துடைக்கலாமா?"

"இன்னாம்மா பியூலா, இதுக்கெல்லாமா சாமி கோச்சிக்கும்? நெத்தி மாரி இருந்துச்சு, வச்சிட்டேன்."

"கண்ணுல வச்சிட்டு நெத்தின்றான் பாரு!" என்றார் பக்கத்து மேசை ஜெரோம்.

"நீ மூடு மச்சான்."

ஈரத்துணியால் அவரே துடைத்தார். முதலாவது மினுக்கியது. இரண்டாவதும். மூன்றாவது மினுக்கவில்லை. நான்காவது மினுக்கியது.

"நிச்சயமா?" என்றார் கஃபார் சார்.

"நிச்சயம் சார்."

மூன்றாவதை உருவினேன்.

"யாருக்காவது டிராயிங் நின்னுச்சா?" என்று கத்தினேன். என் குரல்தானா என்று ஜெரோம் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் ஓடுதும்மா!" என்றார் பக்தவச்சலம் அண்ணா.

கையிருப்பில் இருந்த புது டிஸ்க்கைச் செருகினேன். அதன் விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"ரெடியாக எவ்ளோ நேரமாகும்?"

"தெரியாது சார். அதைக் காட்டுற சாஃப்ட்வேரும் லினக்ஸுக்கு இல்ல."

கஃபார் சார் சிரித்துவிட்டார். "அப்போ விண்டோஸ்?"

"வேண்டாம் சார்."

நாலு மணிக்கு பீப் சத்தம் நின்றது. புது டிஸ்க் தயார்.

"சரி, லினக்ஸே இருக்கட்டும்" என்றார் கஃபார் சார். "ஆனா அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி, லினக்ஸுக்கும் சாஃப்ட்வேர் வேணும்னு கேளு. இப்போ கத்துனியே, அதே மாதிரி."

"மெயில் போடட்டுமா சார்?" என்றேன்.