முப்பத்தொன்றாம் தேதிப் பால் பாத்திரம்

எங்கள் வீட்டில் அண்ணன் ஒற்றைப்படை, நான் இரட்டைப்படை. குணத்தைச் சொல்லவில்லை, பாத்திரம் கழுவுகிற தேதியைச் சொல்கிறேன். ஒன்று, மூன்று, ஐந்து என்றால் டொமினிக் அண்ணன் கழுவ வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு என்றால் நான். அம்மா போட்ட சட்டம் அது. எனக்கு எட்டு வயதும் அவனுக்குப் பத்து வயதும் ஆனபோது, காக்ஸ் டவுன் வீட்டின் பின்புறக் குழாயடியில் அமலுக்கு வந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஆண் பிள்ளையைப் போய்ப் பாத்திரம் தேய்க்க விடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "அவனும்தான சாப்பிடறான்?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அண்ணன்தான் அதைக் கண்டுபிடித்தான். முப்பத்தொன்றாம் தேதி ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. அடுத்தடுத்து இரண்டு நாளும் அவன் தலையில் விழுந்தது. விரல் முட்டியில் மாதங்களை எண்ணுகிற வித்தையை வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொண்டவன் அவன். ஒரு வருடம் முழுக்க இதைச் சொல்லியே மூக்கால் அழுதான். கடைசியில் ஒரு ஒன்றாம் தேதியன்று பாத்திரத்தைத் தொடமாட்டேன் என்று குழாயடியிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் தேதியை நான் எடுத்துக்கொள்வேனா? நான் என்ன பைத்தியமா?

அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சரி, இனிமே முப்பத்தொண்ணாம் தேதிக்குப் பாத்திரமே கெடையாது" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி எங்கள் வீட்டுத் திருநாள் ஆனது. காலையில் காபியும் பேக்கரி பன்னும். மத்தியானம் நாங்கள் பள்ளியிலிருந்து சாப்பிட வரும்போது சமையல் கிடையாது. அப்பா சிவாஜிநகரிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தை சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். வாழை இலையில் கொட்டித் தின்றுவிட்டு இலையைச் சுருட்டி எறிந்தால் தீர்ந்தது வேலை. ராத்திரிக்குப் பரோட்டா, அதுவும் இலையில். ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து முப்பத்தொன்று வரும் மாதங்கள் என்பதால் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாகப் பிடித்தது அந்த இரண்டு மாதங்கள்தான்.

ஆனால் இன்று நினைத்தால் நெஞ்சில் நிற்பது பிரியாணி இல்லை. மற்ற நாட்கள்தான். முறை இல்லாதவர் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்க்கலாம் என்பது நாங்களாகவே வைத்துக்கொண்ட சலுகை. கீழே ஒருவர் தேங்காய் நாரால் தேய்க்க, மேலே இருப்பவர் காலை ஆட்டிக்கொண்டு குற்றம் சொல்ல வேண்டும். "அங்க இன்னும் கரி இருக்குது பாரு." அப்படிச் சண்டை போட்டுக்கொண்டேதான் எல்லாவற்றையும் பேசினோம். கணக்கில் அவன் வாங்கிய முட்டை மார்க்கை அப்பாவுக்கு முன்பே நான் அறிந்தது அங்கேதான். எனக்கு வந்த முதல் காதல் கடிதத்தை அவன் கிழித்துப் போட்டதும் அங்கேதான். அண்ணனை நான் சம்பாதித்தது அந்தக் குழாயடியில் என்றுதான் சொல்வேன்.

அந்த வீட்டை இடித்து அப்பார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். அப்பா முதலில் போனார், மூன்று வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் மல்லேஸ்வரத்தில் இருக்கிறான். நான் அந்தப் பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில், கணவர் பிரகாஷோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன்.

இந்த மே மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்த எல்லம்மா, மகளின் பிரசவம் பார்க்கக் கோலாருக்குப் போனாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அம்மாவின் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தேன். பதினைந்து வயது ஜோயலுக்கு ஒற்றைப்படை, பன்னிரண்டு வயது ரெனிட்டாவுக்கு இரட்டைப்படை, முப்பத்தொன்றுக்குப் பிரியாணி.

பாத்திரம் கழுவினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எப்படி? கழுவுகிறவர் காதில் எதையோ சொருகிக்கொண்டு, தண்டனைக் கைதி மாதிரி கழுவினார். முறை இல்லாதவர் போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாயைத் திறந்தால் நேற்றைய டம்ளரை இன்றைக்குத் தள்ளிவிட்டான் என்று பஞ்சாயத்து. கல்லின் மேல் உட்கார ஆள் இல்லை. எனக்கு வேண்டியது சுத்தமான பாத்திரமா? அதை நானே கால் மணி நேரத்தில் கழுவிவிடுவேனே. இந்த இரண்டும் நாளைக்கு எனக்குப் பிறகு ஒன்றுக்கொன்று யாரோ எவரோ என்று ஆகிவிடுமோ என்ற பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

பிரகாஷுக்குச் சத்தம் ஆகாது. பாத்திரம் கழுவுகிற மெஷின் வாங்கிவிடலாம் என்று போனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே வைத்துவிட்டார். நான் ஆகஸ்ட் கடைசிவரை தவணை கேட்டேன். அதற்குள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது தாங்களாகவே சமையலறையில் சேர்ந்து நின்றால் மெஷின் வேண்டாம், இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நிற்கவில்லை. முப்பத்தொன்றும் வந்துவிட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் சிவாஜிநகர் பிரியாணியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். மேஜையில் இலை போட்டோம். குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த கதையை அவன் பிள்ளைகளுக்குச் சொன்னான். எனக்குத் தெரிந்து இது இருபதாவது தடவை. ஜோயல் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு கேட்டான். பிரகாஷ் என்னைப் பார்த்து, சாயங்காலம் ஆர்டர் போட்டுவிடவா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். தோற்றது தோற்றதுதான்.

அப்போது ரெனிட்டா, "மாமா, தர்ட்டி ஃபர்ஸ்ட் அன்னிக்கு நீங்க காபி குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஏன், காலைல குடிப்போமே."

"அப்ப பால் பாத்திரத்த யார் கழுவனாங்க? இங்க மே மாசமும் மம்மிதான் கழுவனாங்க, ஜூலைலயும் மம்மிதான். அதான் கேட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆஞ்சி, நீயா?"

"இல்லண்ணா. நீ?"

அவனும் இல்லை என்று தலையாட்டினான். விடியாத நேரத்தில் பின்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு அரைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் எழும்போது பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். காபி டம்ளர்கள் நாங்கள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வருவதற்குள் அலமாரிக்குப் போயிருக்கும். அது எப்படிப் போனது என்று இத்தனை வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கே விடுமுறை என்று நினைத்திருந்தோம். முப்பத்தொன்று அம்மாவின் தேதி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் அப்போதே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் சமையலறைக்குப் போனான். நானும் பின்னால் ஓடினேன். சிங்க்கில் காலைப் பால் பாத்திரம் அடிப்பிடித்துக் கிடந்தது. நகரு, ஒற்றைப்படை எப்பவும் என்னுது என்றான் அவன். இது என் வீடு, உன் சட்டத்தை மல்லேஸ்வரத்தில் வைத்துக்கொள் என்றேன் நான். ஐம்பதைத் தொட்ட இரண்டு பேர் ஓர் அலுமினியப் பாத்திரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது.

எங்களுக்கு நடுவில் ஒரு கை நீண்டது. ஜோயல். "குடுங்க மாமா. நாளைக்கு ஒண்ணாம் தேதி, எப்படியும் என்னுதுதான். இத்தையும் சேத்து கழுவிட்றேன்."

"டேய், அந்த அநியாயத்துக்குத்தான்டா நான் ஸ்டிரைக்கே பண்ணேன்" என்றான் அண்ணன்.

ஜோயல் தோளைக் குலுக்கிவிட்டுக் குழாயைத் திறந்தான். காதில் ஒன்றும் இல்லை. பின்னாலேயே வந்த ரெனிட்டா சிங்க் பக்கத்து மேடையில் தாவி ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"அடில இன்னும் ஒட்டிக்கினு இருக்குது பாரு."

"நீ வாய மூடு."

"அங்க இல்லடா, இந்தப் பக்கம்."

வாசற்படியில் நின்ற பிரகாஷ், இதுவும் சண்டைதானே என்று என் காதருகே சொன்னார். "இது சண்டை இல்லீங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் சத்தமில்லாமல் என் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தான். உள்ளே இரண்டும் அடித்துக்கொள்கிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு பால் பாத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பாலாடை அப்படியே ஒட்டியிருந்தது. சாயங்காலப் பாலை அதிலேயே ஊற்றி அடுப்பில் வைத்தேன்.